நீலக் கட்டைவிரல்

வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. பின்னால் இருப்பவர்களும் நகர்ந்து வாங்க. இது சத்தமாகச் சொல்கிற கதை இல்லை. ஒரு போன் மயங்கி விழுந்து, மறுபடி கண் திறந்த கதை. நடுவில் கொஞ்சம் அழுகை வரும். வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், நான் நிறுத்தாமல் சொல்லிவிடுகிறேன்.

வீராம்பட்டினம் என்ற மீனவர் ஊரில் பூர்ணிமா என்று ஒரு பெண் இருந்தாள். ஆறாம் வகுப்பு. அவளுடைய அம்மா தனம் மீன் விற்கிறவள். காலையில் கரையில் மீன் எடுப்பாள். அலுமினியக் கூடையில் ஐஸ் போட்டு, அதன்மேல் மீனை அடுக்கி, டெம்போ ஏறி முத்தியால்பேட்டைக்குப் போவாள். அங்கே தெருத் தெருவாக வியாபாரம்.

தனத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் போன் இல்லாமல் அவளுக்கு வியாபாரமும் கிடையாது. "தனம், சங்கரா இருக்குதா?" என்று ஒரு வீட்டில் கேட்பார்கள். "நெத்திலி வந்தா எனக்கு எடுத்து வையி" என்று இன்னொரு வீட்டில் சொல்வார்கள். யார் எதைக் கேட்டார்களோ அதைத்தான் தனம் கூடையில் எடுத்துப் போவாள். அதனால் அவள் மீன் எப்போதும் மீந்ததில்லை.

போனில் ஏதாவது எழுத்து வந்தால் என்ன செய்வது? அதற்குப் பூர்ணிமா ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"அம்மா, செவப்பா ஏதாச்சும் வந்தா தொடாத. நீலமா வந்தா அமுக்கு. நீலம் நல்லதுதான்."

"அதான் நம்ம படகுக்கும் நீலம் அடிச்சிருக்குது" என்று தனம் சிரிப்பாள்.

அந்தப் படகைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பூர்ணிமாவின் அப்பா கன்னியப்பன் போன ஐப்பசியில் கடலுக்குப் போனார். படகு வந்தது. அவர் வரவில்லை.

ஊரே தேடியது. பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து தேடினார்கள். கடல் ஒன்றும் சொல்லவில்லை. படகின் பலகைக்கு அடியில், ஒரு பாலிதீன் பையில் சுற்றி, அவருடைய போன் மட்டும் இருந்தது. பைக்குள்ளும் தண்ணீர். போன் வேலை செய்யவில்லை. உப்புத் தண்ணீரில் ஊறி, அதன் முதுகுத் தகடு தானாகக் கழன்று தனத்தின் கையோடு வந்துவிட்டது.

அந்தத் தகட்டில் ஒரு நீலக் கட்டைவிரல் இருந்தது.

அது எப்படி வந்தது தெரியுமா? ஆடித் தேருக்கு முன்னால் கன்னியப்பன் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. கையைத் துடைக்காமல் எடுத்துவிட்டார். "புதுப் போனைக் கெடுத்துட்டியே" என்று தனம் அன்றைக்கு முழுக்கத் திட்டினாள். பெயின்ட் அப்படியே காய்ந்தது. விரலின் ஒவ்வொரு கோடும் அதில் பதிந்திருந்தது. ஓரமாக, தூண்டில் முள் குத்தி ஆறிய பழைய தழும்பும் பதிந்திருந்தது.

தனத்திடமும் அதே மாதிரி ஒரு போன். இரண்டையும் ஒரே நாளில் வாங்கினார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். தனத்தின் போன் முன்பே ஒரு முறை கீழே விழுந்து முதுகு உடைந்திருந்தது. அவள் கடைத்தெருவுக்குப் போய், "இந்தத் தகட்ட என் போனுக்கு ஒட்டிக் குடுங்க" என்று கேட்டு ஒட்டி வாங்கி வந்தாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில், கூடையைத் தலையில் ஏற்றுவதற்கு முன்னால், தனம் போனைத் திருப்புவாள். தன் கட்டைவிரலை அந்த நீலக் கட்டைவிரலின்மேல் வைப்பாள். ஒரு மூச்சு விடும் நேரம்தான். பிறகு இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பூர்ணிமா அதைப் பார்த்தும் பார்க்காதவள் போலத் தலை வாரிக்கொண்டிருப்பாள்.

சரி, இப்போது போன் மயங்கி விழுந்த நாளுக்கு வருவோம்.

அன்றைக்குத் தனம் ஒரு வீட்டு வாசலில் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது போனில் ஏதோ வந்தது. எழுத்து நிறைய இருந்தது. கீழே நீலமாக ஒரு பொத்தான். நீலம் நல்லதுதானே? அமுக்கினாள். கொஞ்ச நேரத்தில் போன் கொதிக்க ஆரம்பித்தது. சூடானால் தனம் என்ன செய்வாள்? மீனுக்கு என்ன செய்வாளோ அதைத்தான் செய்தாள். போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஐஸ்மேல் வைத்தாள், இரண்டு வஞ்சிரத்துக்கு நடுவில்.

திரும்ப எடுத்தபோது போன் ஜில்லென்று இருந்தது. உயிர்தான் இல்லை. பொத்தானை அமுக்கினால் கம்பெனி பெயர் வரும், அணையும். மறுபடி வரும், அணையும். அதைத் தாண்டி ஒரு அடி நகரவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் தனம் யார் வீட்டுக்கு எது வேண்டும் என்று தெரியாமல் மீன் எடுத்தாள். சங்கரா கேட்கிற வீட்டில் கையில் கவளை இருந்தது. கவளை கேட்கிற வீட்டில் அதற்குள் வேறு யாரிடமோ வாங்கிவிட்டார்கள். மத்தியானம் கூடையில் பாதி மீன் அப்படியே திரும்பி வந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் மீன் நிறைய இருந்தது. அதைப் பார்க்கப் பூர்ணிமாவுக்கு அழுகையாக வந்தது.

"நீலத்த அமுக்கச் சொன்னது நான்தான்மா."

"சாப்புடு, ஆறிப் போவுது" என்றாள் தனம்.

சனிக்கிழமை இருவரும் முத்தியால்பேட்டையில் ஒரு போன் ரிப்பேர் கடைக்குப் போனார்கள். சைக்கிள் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் நெருக்கியடித்து நின்ற சின்னக் கடை. உள்ளே இளம் பெண் ஒருத்தி நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, கடைக்காரரு இல்லியா?" என்று கேட்டாள் தனம்.

"கடைக்காரரே நான்தாங்க்கா. காட்டுங்க."

அவள் பெயர் தேவிப்பிரியா. போனை வாங்கியதும் முதலில் மோந்து பார்த்தாள்.

"வஞ்சிரமா?"

"ஆமாம்மா."

"போனை எதுக்குங்க்கா மீனோட வெச்சீங்க?"

தனம் நடந்ததைச் சொன்னாள். தேவிப்பிரியா சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

"அக்கா, நீங்க அமுக்கினது புது சாஃப்ட்வேர். அது ஏறும்போது போன் சூடாவும், தப்பில்ல. ஐஸ்ல வெச்சதும் பேட்டரி படுத்துடுச்சு. பாதியில நின்னு போச்சு. இப்ப அதுக்குப் பாதி மூளைதான் இருக்குது. எழுந்துக்கப் பாக்குது, முடியாம உளுந்துடுது. யாரு அமுக்கச் சொன்னது?"

பூர்ணிமா கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரும் சொல்லல. நானாதான் அமுக்கினேன்" என்றாள் தனம்.

பூர்ணிமா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"மொத்தமா அழிச்சிட்டு, முதல்லேருந்து ஏத்தணும்" என்றாள் தேவிப்பிரியா. "நம்பரு எல்லாம் சிம்முல இருக்குதா?"

"இருக்குது" என்றாள் பூர்ணிமா. "நான்தான் போட்டு வெச்சேன்."

"கெட்டிக்காரி. ஆனா படமெல்லாம் போயிடும், பாப்பா. அது ஏற்கெனவே போன மாதிரிதான்."

தனம் கடையின் முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். அந்தப் போனில் கன்னியப்பனின் படங்கள் இருந்தன. அவர் படத்துக்கு நின்றால் எப்போதும் கண்ணை மூடிவிடுவார். கண் திறந்த படம் ஒன்றே ஒன்றுதான். அதிலும் தும்மப் போகிறவர் போல இருப்பார்.

"போவட்டும்" என்றாள் தனம். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நாளைக்கு வியாபாரம் நடக்கணும். செய்யும்மா."

தேவிப்பிரியா தனம் கொண்டுவந்த வயரை எடுத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். "இது போனுக்குச் சோறு மட்டும்தான் ஊட்டும்க்கா, கம்ப்யூட்டரோட பேசாது. நான் வேற வயரு போடுறேன்." பிறகு போனின் முதுகைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, அடியில் பொடியாக அச்சிட்டிருந்த மாடல் எழுத்தையும் எண்ணையும் படித்தாள். அதே எழுத்துக்குரிய சாஃப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் தேடி எடுத்தாள்.

திரையில் ஒரு கோடு நகர ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் போனதும் நின்றது. சிவப்பில் ஏதோ எழுத்து வந்தது.

"செவப்பு" என்றாள் தனம். அவளுக்கு அது போதும்.

தேவிப்பிரியா வயரை மாற்றினாள். வேறு துளையில் செருகினாள். போனை நன்றாகச் சார்ஜ் ஏற்றிப் பார்த்தாள். இறக்கிய சாஃப்ட்வேரில் கோளாறோ என்று அதையும் அழித்துவிட்டுப் புதிதாக இறக்கினாள். ஒவ்வொரு தடவையும் கோடு அதே இடத்தில் போய் நின்றது. அதே சிவப்பு.

"பொருந்தலன்னு சொல்லுது" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டாள். "எப்படிப் பொருந்தாம போவும்? சரியான எழுத்த பாத்துதானே போட்டேன்." நெற்றிக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுத் தனத்தைப் பார்த்தாள். "அக்கா, உள்ள போர்டுலதான் ஏதோ கோளாறு. பின்னாடி தொறந்து பாத்தாத்தான் தெரியும். சூடு காட்டி முதுகுத் தகட்ட எடுக்கணும்."

"எடும்மா."

"எடுக்கலாம். ஆனா இதுல பெயின்ட் இருக்குது பாருங்க. சூடு பட்டா கொப்புளம் உட்டு உரிஞ்சிடும். பசங்க வேலையா இது? உரிஞ்சா பரவால்லதானே?"

தனம் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"அது எங்க வூட்டுக்காரரு வெரல்" என்றாள் தனம். "கடல்ல போயிட்டாரு. இதத் தவிர அவரு கை பதிஞ்ச அடையாளம் வேற ஒண்ணும் இல்ல."

தேவிப்பிரியா கையிலிருந்த போனை மெதுவாக மேசைமேல் வைத்தாள். "சூடு காட்டாம எடுத்தா தகடே உடைஞ்சிடும்க்கா" என்றாள், ஏதோ அவளே தப்பு செய்துவிட்டவள் போல.

தனம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். முகத்தில் ஈரம் இல்லை. ஆனாலும் துடைத்தாள்.

"வெரலா சோறு போடப் போவுது? இன்னொரு போனுக்கு நான் எங்க போவேன்? தொறந்துடும்மா."

படங்கள் போய்விட்டன. இப்போது இதுவும் போகப் போகிறது. பூர்ணிமா கையை நீட்டினாள்.

"அக்கா, தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி குடுங்க. தந்துடுறேன்."

தேவிப்பிரியா கொடுத்தாள். பூர்ணிமா முதன்முறையாக அந்த நீல விரலின்மேல் தன் கட்டைவிரலை வைத்தாள். அப்பாவின் விரல் பெரியது. அவள் விரல் அதற்குள் எங்கோ ஒரு மூலையில் அடங்கிப்போனது. தழும்பு இருந்த இடம் விரலுக்குத் தட்டுப்பட்டது. அவள் குனிந்து நெருக்கமாகப் பார்த்தாள். நீல விரலுக்குக் கீழே அந்தப் பொடி எழுத்துகள். கடைசி எழுத்து பி.

போன் வாங்கிய நாளில் அப்பா இரண்டு போனையும் கவிழ்த்து வைத்துப் பார்த்தது அவளுக்கு நினைவு வந்தது. "இங்க பாரு தனம், ஒனக்கு ஏ போட்டிருக்கான், எனக்கு பி போட்டிருக்கான். கடைக்காரனுக்கே தெரிஞ்சிருக்குது, வூட்டுல யாரு முதல்ல, யாரு ரெண்டாவதுன்னு." அம்மா அவர் முதுகில் ஒன்று வைத்தாள். அப்பா அடி பலமாகப் பட்டவர் போலத் தரையில் உருண்டார்.

பூர்ணிமா நிமிர்ந்தாள்.

"அக்கா, இந்தப் போனு எங்கம்மாவோடது. முதுகு மட்டும் எங்கப்பாவோடது."

"இன்னா சொல்ற?"

"அம்மா போன் முதுகு உடைஞ்சிடுச்சு. அப்பா போன் முதுகத்தான் இதுல ஒட்டியிருக்குது. நீங்க படிக்கிற எழுத்து அப்பா போன் எழுத்து. அம்மா போனு பி இல்லக்கா, ஏ."

"ஏய், அவங்க வேலைல பூந்து பேசாத" என்றாள் தனம்.

"இருங்க, இருங்க, பேசட்டும்." தேவிப்பிரியா தன் முக்காலியை இழுத்து முன்னால் வந்தாள். "ரெண்டும் ஒரே அச்சுல வந்த போனு. வெளிய ஒண்ணு மாதிரியே இருக்கும், உள்ள வேற. ஒருத்தர் மூளைய இன்னொருத்தர் தலையில ஏத்தப் பாத்தா எப்படி ஏறும்? அது காலைலேருந்து பொருந்தலன்னு சொல்லிட்டுத்தான் இருக்குது. நான்தான் போர்டு மேல பழி போட்டுட்டேன்."

"அப்போ தொறக்க வேணாமா?"

"முதல்ல ஏ போட்டுப் பாப்போம்."

புதிய சாஃப்ட்வேர் இறங்க நேரம் ஆனது. அந்த நேரம் முழுக்கப் பூர்ணிமா போனைக் கீழே வைக்கவில்லை. கடைசியில் தேவிப்பிரியா, "குடு பாப்பா, உன் கையிலேருந்தா ஏறாது" என்று கெஞ்சி வாங்கினாள்.

கோடு நகர்ந்தது. பழைய இடத்துக்கு வந்தது. தனம் கண்ணை மூடிக்கொண்டாள்.

கோடு அந்த இடத்தைத் தாண்டிப் போனது.

கம்பெனி பெயர் வந்தது. அணையவில்லை. திரை மெல்ல வெளுத்து, எந்த மொழி வேண்டும் என்று போன் கேட்டது. அந்தப் போனுக்கு இவர்கள் யாரையும் தெரியாது, தனத்தையும் தெரியாது, பூர்ணிமாவையும் தெரியாது. நேற்றுப் பிறந்த குழந்தை போல இருந்தது. தேவிப்பிரியா சிம்மைப் போட்டாள்.

படங்கள் இருந்த இடத்தைப் பூர்ணிமா திறந்து பார்த்தாள். வெறும் வெள்ளை. அது தெரிந்ததுதான். இருந்தாலும் பார்த்தாள்.

அப்போது போன் அடித்தது. மூன்று பேரும் திடுக்கிட்டுப் போனார்கள்.

"முசே வூட்டுலேருந்து" என்று படித்தாள் பூர்ணிமா. முசே என்றால் பிரெஞ்சில் ஐயா; பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். முத்தியால்பேட்டையில் அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் நினைவில்லை.

"எங்கம்மா போயிட்ட?" என்று அவர் கத்தியது கடைக்கு வெளியிலும் கேட்டது. "நானும் அடிக்கிறேன், அடிக்கிறேன், ஒரு பதிலு இல்ல. கருவாடு தின்னு தின்னு நானே கருவாடாப் போயிட்டேன். சங்கரா இருக்குதா, இல்லியா?"

"நாளைக்குக் கொண்டாரேன் முசே" என்றாள் தனம். இந்தத் தடவை முந்தானையால் துடைத்தபோது முகத்தில் ஈரம் இருந்தது.

கிளம்பும்போது தேவிப்பிரியா ஒரு கண்ணாடிக் கவரை எடுத்துவந்தாள். "அக்கா, இத முதுகுல மாட்டிடுறேன். பெயின்ட் மேல கை படாது. காலத்துக்கும் அப்படியே இருக்கும்."

தனம் அந்தக் கவரை வாங்கிப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை மேசைமேலேயே வைத்துவிட்டாள்.

"வேணாம்மா. தொட முடியாதுல்ல."

"தெனம் தொட்டா தேஞ்சிடும்க்கா."

"தேஞ்சா எங்க போவப் போவுது? என் வெரல்லதான் ஒட்டும்."

தேவிப்பிரியா கவரை எடுத்து உள்ளே வைத்தாள்.

மறுநாள் காலையில் பூர்ணிமா தலை வாரிக்கொண்டிருந்தாள். வாசலில் கூடை தயாராக இருந்தது. மேலே முசேவின் சங்கரா.

"பூர்ணி, இன்னாவோ கேக்குதுடி இது. நீலமா இருக்குது. அமுக்கட்டுமா?"

"கையையே வெக்காத. நான் வரேன்."

பூர்ணிமா ஓடிவந்து படித்தாள். சும்மா விளம்பரம்தான். அதை விலக்கிவிட்டு, போனைத் திருப்பி அம்மாவிடம் நீட்டினாள். தனம் தன் கட்டைவிரலை அந்த நீலத்தின்மேல் வைத்தாள். இன்றைக்குப் பூர்ணிமா வேறு பக்கம் பார்க்கவில்லை. அவளும் அம்மாவின் விரல்மேல் தன் விரலை வைத்தாள்.

ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு தனம் போனை இடுப்பில் செருகினாள். பூர்ணிமா ஒரு பக்கம் பிடிக்க, கூடை தலைக்கு ஏறியது.

அவ்வளவுதான் கண்ணுங்களா, கதை கரை சேர்ந்தது. உங்கள் வீட்டில் உலை எப்போதும் கொதிக்கட்டும். வெளியே போனவர்கள் விளக்கு வைப்பதற்குள் வாசல் வந்து சேரட்டும். வராமல் போனவர்கள் இருந்தால், அவர்கள் கை பட்ட ஏதோ ஒன்று உங்கள் கைக்கு எட்டுகிற தூரத்திலேயே இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளெல்லாம் நன்றாக இருக்கட்டும்.